ரபி விற்ற புத்தகம்: ஹூடினி குடும்பத்தின் வறுமை, ஒரு நிகழ்வு ஆய்வு

1887க்குப் பிறகான நியூயார்க். அறுபது வயதை எட்டிக்கொண்டிருந்த ஒரு ரபி, தன்னைவிட முப்பது வயது இளையவரான இன்னொரு ரபியைப் பார்க்கப் போனார். யூத மத குருமார் ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போவதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் இவர் போனது புத்தகம் விற்க. வாங்கிக்கொண்டவர் பெர்னார்ட் டிராக்மன். பிற்காலத்தில் இதை நினைவுகூர்ந்தபோது, வந்தவர் கையில் காசில்லாத நிலையில்தான் விற்றார் என்று அவர் சொன்னார். விற்கப்பட்டது யூத அறிஞர் மைமோனிடிஸ் 12ஆம் நூற்றாண்டில் தொகுத்த யூதச் சட்ட நூல்: மிஷ்னே தோரா.

அந்த நூலில் ஏழைகளுக்குச் சேரவேண்டியவை பற்றி ஒரு தனிப்பகுதி உண்டு. யாருக்குத் தரவேண்டும், எப்படித் தரவேண்டும், எப்போது கேட்கலாம், எப்போது கேட்கக்கூடாது என்று வரிசையாகச் சட்டம் சொல்லும் பகுதி. அதை வாழ்நாளெல்லாம் படித்த மனிதர், அந்தச் சட்டத்தின் மறுபக்கத்தில் போய் நின்றுகொண்டு, அந்தப் புத்தகத்தையே விற்றுச் சாப்பிட்டார். இந்தக் குடும்பத்தை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும். அவருடைய மகன் உலகப் புகழ் பெற்ற தப்பிப்பு வித்தைக்காரர் ஹாரி ஹூடினி என்பது கூடுதல் வசதி. புகழ் பெற்றவர் வீடு என்பதால்தான் அந்த வீட்டு அடுப்பு எரிந்ததா இல்லையா என்பதுகூட எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதே தெருக்களில் அதே கதியில் இருந்த ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அப்படி ஒரு பதிவு கிடையாது.

குடும்பம்

தந்தை மேயர் சாமுவேல் வைஸ், 1829இல் ஹங்கேரியில் பிறந்தவர். முதல் மனைவி இறந்துபோக, செசிலியா ஸ்டைனரை மணந்தார். முதல் தாரத்து மகன் ஹெர்மன். செசிலியாவுக்கு ஆறு பிள்ளைகள்: நேதன், வில்லியம், எரிக், தியோடர், லியோபோல்ட், கடைசியாக ஒரே பெண் கிளாடிஸ். இவர்களில் எரிக்தான் ஹூடினி. புடாபெஸ்டில் 1874 மார்ச் 24ஆம் தேதி பிறந்தவர்.

தந்தை முதலில் அமெரிக்கா போனார். மனைவியும் பிள்ளைகளும் 1878 ஜூலையில் கப்பலில் நியூயார்க் வந்து இறங்கினார்கள். அங்கிருந்து விஸ்கான்சின் மாநிலத்தின் ஆப்பிள்டன் என்ற சிறு ஊருக்குப் போனார்கள். அந்த ஊரின் யூத வணிகர் டேவிட் ஹாமெல் பழகிய மனிதர். அவர் முன்னின்று பேசியதால் சியோன் என்ற யூதச் சபையில் வைஸுக்கு ரபி வேலை கிடைத்தது. சம்பளம் ஆண்டுக்கு 750 டாலர், மாதத்துக்கு அறுபத்திரண்டு டாலர் சொச்சம். இந்தக் குடும்பத்தின் நல்ல காலம் என்று ஒன்றைச் சொல்வதென்றால் ஆப்பிள்டனில் கழிந்த அந்த நாலு வருடத்தைத்தான் சொல்லவேண்டும். பிற்காலத்தில் ஹூடினி தான் பிறந்ததே ஆப்பிள்டனில்தான் என்று சாதித்து வந்தார். பொய்தான். ஆனால் எந்த ஊரைத் தன் ஊராகச் சொல்லிக்கொள்ள ஒருவருக்குத் தோன்றுகிறது என்பதும் ஒரு தகவல்தானே.

வேலை போனது

சபை சீர்திருத்தப் போக்குடையது. வைஸ் பழைய காலத்து மனிதர். ஆங்கிலம் வசப்படவே இல்லை, ஜெர்மனில்தான் பிரசங்கம். அமெரிக்காவிலேயே வளரும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசும் இளைய ரபி வேண்டும் என்று சபைக்குத் தோன்றியிருக்கிறது. 1882 ஜூனில் வைஸ் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். அதை ஒட்டிய மாதங்களில் வேலை போய்விட்டது. குடியுரிமைக் காகிதம் கையில், சம்பளம் இல்லை. வயது ஐம்பத்து மூன்று. கடைக்குட்டி அந்த வருடம்தான் பிறந்திருந்தாள்.

ஒருநாள் காலையில் அப்பா விழித்துப் பார்த்தபோது, உழைத்து நரைத்த தலையோடும் வாய்க்குச் சோறு வேண்டிய ஏழு பிள்ளைகளோடும் நடுத்தெருவில் நின்றார் என்ற பொருள்பட ஹூடினி பின்னாளில் எழுதினார். கொஞ்சம் நாடகத்தனமான நடைதான். ஆனால் கணக்கு சரி, பிள்ளைகள் ஏழுதான்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. குடும்பத்துக்கு வந்த முதல் உதவி, ஹாமெல் வாங்கித் தந்த வேலை. அதைவிட நல்ல உதவி கிடையாது என்று மைமோனிடிஸே சொல்வார். ஆனால் அந்த வேலை ஒரு சிறு ஊரின் ஒரே சபையை நம்பி நின்றது. சபைக்குப் பிடிக்காமல் போனதும் அதே ஊரில் வேறு போக்கிடம் இல்லை. ஒரு தச்சனோ தையல்காரனோ அடுத்த தெருவில் வேலை கேட்கலாம். ரபிக்கு அடுத்த தெரு என்பது அடுத்த நகரம்.

மில்வாக்கி

அடுத்த நகரம் மில்வாக்கி. வைஸ் தனியாகத் தொழுகை நடத்திப் பார்த்தார், பாடம் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார். நிலையான வருமானம் அமையவில்லை. குடும்பம் வீடு மாறிக்கொண்டே இருந்தது. வாடகை பாக்கி விழுந்தால் வேறு வீடு, அங்கும் விழுந்தால் இன்னொன்று. இந்த வருடங்களைப் பற்றி ஹூடினி வாய் திறக்கவே விரும்பவில்லை. அங்கே அனுபவித்த கஷ்டத்தையும் பசியையும் பேசாமல் விடுவதே நல்லது என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். மேடையில் நாள் முழுக்கத் தன்னைப் பற்றியே பேசக்கூடிய மனிதர் அவர்.

மில்வாக்கியில் யூத நிவாரணச் சங்கம் ஒன்று இருந்தது. வைஸ் குடும்பம் அதனிடம் கை நீட்டியதை ஹூடினியின் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. பணம் கொஞ்சம், அப்புறம் நிலக்கரி. மிச்சிகன் ஏரிக்கரையில் குளிர்காலம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் நிலக்கரியின் அருமை புரியும். அங்கே ஏழைக்கு அரிசி மாவுக்கு முன்னால் வேண்டியது அடுப்புக்கரி. ஒரு வேளை சாப்பிடாமல் படுக்கலாம். கணப்பு எரியாத அறையில் கைக்குழந்தையைப் படுக்க வைக்க முடியாது.

யூதர்கள் யூதச் சங்கத்திடமே போனதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. நியூயார்க் டச்சுக்காரர்களின் நியூ ஆம்ஸ்டர்டாமாக இருந்த காலத்தில், 1655இல், யூதர்கள் அங்கே குடியிருக்கலாம் என்று டச்சு மேற்கிந்தியக் கம்பெனி அனுமதித்தது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டது: அவர்களில் ஏழைகள் கம்பெனிக்கோ ஊருக்கோ பாரமாகக்கூடாது, சொந்த இனத்தாரே தாங்கிக்கொள்ள வேண்டும். சட்டமாக அது நிலைக்கவில்லை. ஆனால் மனதில் நின்றுவிட்டது. ஊருக்கு ஊர் நிவாரணச் சங்கம் முளைத்ததில் அந்தப் பயத்துக்கும் பங்கு உண்டு. நம் ஆள் ஒருவன் தெருவில் பிச்சை எடுத்தால் நம் எல்லோர் தலையிலும் விடியும் என்ற பயம்.

நேரமும் கெட்டிருந்தது. 1881இல் ரஷ்யாவில் யூதர்களுக்கு எதிரான வன்முறை வெடித்து, அகதிகள் கப்பல் கப்பலாக அமெரிக்கா வந்துகொண்டிருந்தார்கள். 1882 கோடையில் மில்வாக்கிக்கும் அவர்கள் வந்து சேர்ந்தார்கள். நிவாரணச் சங்கங்கள் மூச்சுத் திணறிய நேரத்தில், வரிசையில் போய் நின்றவர்களில் ஒருவர் நேற்றுவரை பிறருக்குத் தருமத்தைப் போதித்த ரபி.

எரிக் பேப்பர் விற்றான், ஷூ துடைத்தான். 1883 அக்டோபரில் ஒரு நண்பன் நடத்திய ஐந்து காசு சர்க்கஸில் ஆகாயத்து இளவரசன் என்ற பெயரில் அந்தரத்தில் தொங்கினான். வயது ஒன்பது. வரலாற்றாசிரியர்கள் இதை மேடை வாழ்க்கையின் தொடக்கம் என்று கொண்டாடுவார்கள். எனக்கு அதில் தெரிவது, காசு வரும் வழி எதையும் விடாத ஒரு வீட்டுப் பையன். பெரியவன் ஹெர்மன் 1885இல் காசநோயில் இறந்தான். அடுத்த வருடம் எரிக் வீட்டை விட்டு ஓடினான். போகும் வழியில் அம்மாவுக்கு ஒரு தபால் அட்டை போட்டான், டெக்சாஸ் போவதாக. போய்ச் சேர்ந்ததோ அதே மாநிலத்தின் டெலவன் என்ற ஊருக்கு. அங்கே ஃபிளிட்கிராஃப்ட் என்ற வீட்டார், யார் எவர் என்று தெரியாத பையனுக்குச் சோறும் படுக்கையும் கொடுத்தார்கள். ஓடிப்போனவன் உண்மையில் செய்த உபகாரம் என்னவென்றால், வீட்டில் ஒரு வாய் குறைந்தது.

எட்டுப் படிகள்

இங்கே கொஞ்சம் நிறுத்தி, அந்தப் புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

ஹீப்ரூவில் தருமத்துக்குச் சொல் செதாகா. நீதியைக் குறிக்கும் செதெக் என்ற சொல்லும் அதுவும் ஒரே வேர். கொடுப்பவனுடைய தாராளம் என்று அங்கே பேச்சில்லை, கொடுக்கவேண்டிய கடன் என்றுதான் பேச்சு. பழைய காலத்தில் ஊருக்கு இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. ஒன்று தம்ஹூய், தினசரி உணவு வசூலித்துக் கொடுப்பது. இன்னொன்று குப்பா, வாரம் ஒருமுறை காசு கொடுக்கும் ஊர்ப் பெட்டி. யாருக்கு என்பதற்கும் அளவு உண்டு. இரண்டு வேளைச் சாப்பாடு கையில் இருப்பவன் தம்ஹூயில் வாங்கக்கூடாது. பதினாலு வேளைக்கு இருப்பவன் குப்பாவில் வாங்கக்கூடாது. பதினாலு என்றால் ஒரு வாரம், நாளுக்கு இரண்டு வேளை. பெட்டிக்கு வசூல் செய்ய இரண்டு பேருக்குக் குறையாமல் போகவேண்டும், பங்கிட மூன்று பேர் வேண்டும். பணம் புழங்கும் இடத்தில் தனி ஆள் கூடாது என்ற விவரம் அப்போதே இருந்திருக்கிறது.

மைமோனிடிஸ் கொடுப்பதை எட்டுப் படியாகப் பிரித்தார். அடிப்படியில் முகம் சுளித்துக் கொடுப்பவன். அடுத்து, குறைவாகக் கொடுத்தாலும் சிரித்த முகத்தோடு கொடுப்பவன். பிறகு கேட்டபின் கொடுப்பவன், கேட்குமுன் கொடுப்பவன். அதற்கு மேல், யார் தந்தது என்று வாங்குபவனுக்குத் தெரியும், யார் வாங்கினான் என்று தந்தவனுக்குத் தெரியாது. சில அறிஞர்கள் காசைத் துணியில் முடிந்து முதுகுப்பக்கம் போட்டுக்கொண்டு நடப்பார்களாம், ஏழைகள் பின்னால் வந்து எடுத்துக்கொள்ள. அதற்கும் மேல், கொடுப்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதற்கும் மேல், இருவருக்குமே தெரியாது. உச்சிப்படி வேறு வகை: கடன் கொடுப்பது, தொழிலில் கூட்டுச் சேர்ப்பது, வேலை வாங்கித் தருவது. இனி கை நீட்டவேண்டியே வராதபடி ஒருவனைத் தாங்கிப் பிடிப்பது.

இந்த எட்டுப் படி நிறையப் பேருக்குத் தெரியும். அதே அத்தியாயத்தின் கடைசியில் வருவதை அவ்வளவாக யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. வைஸ் கதைக்கு அதுதான் வேண்டும். கல்விமானாக இருந்து ஏழையானவன், கேவலமான தொழிலாக இருந்தாலும் ஒரு தொழிலைச் செய்து பிழைக்கட்டும் என்கிறார் மைமோனிடிஸ். நான் பெரிய அறிஞன், என்னைக் காப்பாற்றுங்கள் என்று சொல்வதைவிடச் சந்தையில் செத்த மாட்டின் தோலை உரிப்பது மேல். பெரிய அறிஞர்களில் விறகு வெட்டினவர்கள் உண்டு, தோட்டத்துக்கு நீர் இறைத்தவர்கள் உண்டு, கரி சுட்டவர்கள் உண்டு என்று பட்டியல் வேறு. உடனே அடுத்த வரியில் எதிர்ப்பக்கம் திரும்புகிறார். வாங்காமல் உயிர் வாழவே முடியாத நிலையில், முதியவனோ நோயாளியோ கடும் வேதனையில் இருப்பவனோ, ரோஷப்பட்டு வாங்க மறுத்தால் அவன் இரத்தம் சிந்தினவனுக்குச் சமம்.

ஆக, கேட்காதே, கேட்டே ஆகவேண்டிய நிலையில் கேட்காமலும் இராதே. எல்லை எங்கே? அதைப் புத்தகம் சொல்லவில்லை. ஏழு பிள்ளைகளுக்குத் தகப்பனாக, நிலக்கரி தீர்ந்த ஒரு ஜனவரி மாதத்தில், அது தானாகவே தெரிந்துவிடும் என்று விட்டிருப்பார் போல.

நியூயார்க்

1887இல் வைஸ் நியூயார்க் போனார். எரிக் கூடப் போனான். முதலில் கிழக்கு 79ஆம் தெருவில் வாடகை அறையில் தங்கி, பிறகு கிழக்கு 75ஆம் தெருவில் வீடு பார்த்து மற்றவர்களை வரவழைத்தார்கள். ஊர் பெரிது, யூதர்கள் லட்சக்கணக்கில் பெருகப்போகும் ஊர். ஆனால் ரபிகளும் அதற்குத் தகுந்தபடி வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலம் பேசாத, அறுபதை நெருங்கும் ரபிக்கு அங்கே என்ன கிராக்கி இருக்கும்?

எரிக் தந்தி, கடிதம் கொண்டுபோகும் பையனாக வேலை பார்த்த காலத்துச் சம்பவம் ஒன்றை அந்தக் குடும்பத்தில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். டிசம்பர் மாதம், வாடகை கட்டவேண்டிய நாள் நெருங்குகிறது. பையன் ஒரு சீட்டில் நாலு வரி எழுதித் தொப்பியில் செருகிக்கொண்டான்: கிறிஸ்துமஸ் வருகிறது, வான்கோழி கொழுத்திருக்கிறது, இந்தத் தூதுப் பையனின் தொப்பியில் ஒரு கால் டாலர் போடுங்கள் என்று. போட்டார்கள். வீட்டுக்கு வருமுன் காசுகளைத் தலைமுடிக்குள்ளும் காதுக்குப் பின்னாலும் சட்டைக் கைக்குள்ளும் ஒளித்துக்கொண்டான். அம்மா முன்னால் போய் நின்று, என்னைப் பிடித்து உலுக்கு, நான் மந்திரக்காரன் என்றான். செசிலியா உலுக்கினார். காசு கலகலவென்று தரையில் கொட்டியது.

அழகான கதை, கொஞ்சம் மெருகேற்றப்பட்டிருக்கவும் கூடும். ஆனால் அதன் எலும்பைப் பாருங்கள். யூத குருவின் மகன், கிறிஸ்தவர்களின் பண்டிகையைச் சொல்லி, தெருவில் காசு கேட்டிருக்கிறான். வீட்டுக்கு வரும்போது அந்தக் காசு தருமமாக வரக்கூடாது, வித்தையாக வரவேண்டும். பதின்மூன்று வயதுப் பையன் யாரும் சொல்லித்தராமல் அதைச் செய்திருக்கிறான்.

பிராட்வேயில் ரிக்டர் நிறுவனத்தின் கழுத்துப்பட்டை (டை) தொழிற்சாலை இருந்தது. ஆள் தேவை என்ற பலகையைப் பார்த்து வாசலில் வரிசை நிற்க, எரிக் நேரே போய் அந்தப் பலகையைக் கழற்றிக்கொண்டு, ஆள் எடுத்தாயிற்று என்று மற்றவர்களை அனுப்பிவிட்டு உள்ளே போனான் என்று ஒரு கதை. அது எப்படியோ, 1891 ஏப்ரலில் அந்த நிறுவனம் கொடுத்த நற்சான்றிதழ் இருக்கிறது: இரண்டு ஆண்டு ஆறு மாதம் உள்துணி வெட்டும் உதவியாளராக இருந்தார், நாணயமானவர், உழைப்பாளி. தந்தையும் அங்கே அதே மேசையில் துணி வெட்டினார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. கழுத்துப்பட்டையின் உள்துணி. வெளியே தெரியாத துணி. செத்த மாட்டின் தோலை உரிப்பது என்று மைமோனிடிஸ் சொன்னதற்குப் பிராட்வேயில் இதுதான் அர்த்தம்.

இந்தக் காலத்தில்தான் டிராக்மனிடம் அந்தப் புத்தகம் போனது.

என் மதிப்பீடு

ஒரு குடும்பத்துக்கு வந்த உதவிகளை எண்ணிப் பார்த்தால் ஐந்து கிடைக்கிறது: ஹாமெலின் வேலை, சங்கத்தின் நிலக்கரி, டெலவனில் ஒரு பையனுக்குக் கிடைத்த சோறு, தொழிற்சாலைக் கூலி, டிராக்மன் கொடுத்த விலை. தருமம் என்று வெளிப்படையாகப் பெயர் எழுதி வந்தது சங்கத்தின் உதவி ஒன்றுதான். குடும்பம் வாய்திறந்து பேச மறுத்ததும் அதை வாங்கிய மில்வாக்கி வருடங்களைத்தான். இத்தனைக்கும் அந்தக் குளிர்காலங்களில் உயிரைக் காப்பாற்றியதில் அதற்குப் பெரிய பங்கு இருந்திருக்கும். சங்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கேட்டபின் கொடுத்தது, எட்டில் கீழிருந்து மூன்றாம் படி, ஆனால் கொடுத்தது.

டிராக்மனுடைய விலை எந்தப் படி என்று எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. தேவைக்கு வாங்கினாரா, இரக்கப்பட்டு வாங்கினாரா? தோரா சுருளை, அதாவது யூத வேதத்தின் கையெழுத்துச் சுருளை, விற்பதற்கு யூதச் சட்டத்தில் கடுமையான தடை உண்டு. தோரா படிப்பதற்கும் திருமணத்துக்கும் மட்டுமே விலக்கு. மைமோனிடிஸ் நூல் சுருள் அல்ல. ஆனாலும் ஒரு ரபி தன் சட்ட நூலை இன்னொரு ரபியின் மேசையில் வைக்கும்போது, விலை பேசும் இருவருக்கும் அது என்ன என்று தெரிந்திருக்கும். வியாபாரம் என்ற போர்வை இருந்ததால் வைஸ் நிமிர்ந்தே திரும்பியிருப்பார். என்னைக் கேட்டால் உச்சிப்படிக்கு மிக அருகே என்பேன்.

ஆனால் இந்த ஆய்வில் எல்லா உதவிக்கும் கீழே ஓடுவது பிள்ளைகளின் உழைப்பு. பேப்பர் விற்ற காசு, தொப்பியில் விழுந்த காசு, துணி வெட்டிய கூலி. நிவாரணச் சங்கத்தின் ஏடு எதிலும் ஏறாத நிவாரணம் அது. எரிக்கின் பள்ளிப்படிப்பு அரைகுறையாக நின்றது அதற்கான விலை. கடைசித் தம்பி லியோபோல்ட் மருத்துவரானார். அண்ணன்கள் வேலைக்குப் போன வீட்டில் கடைக்குட்டிகள் படிப்பது எங்கும் காணும் காட்சிதான்.

பிறகு

1892 அக்டோபர் 5ஆம் தேதி மேயர் சாமுவேல் வைஸ் புற்றுநோயில் இறந்தார். அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொள்வதாக அப்பாவிடம் சத்தியம் செய்ததை ஹூடினி மறக்கவில்லை. 1904இல் ஹார்லெமில் 25,000 டாலருக்கு வீடு வாங்கினார். 1912இல் ஒரு நாடக அரங்கில் ஒரு வாரச் சம்பளத்தைத் தங்க நாணயமாகவே கேட்டு வாங்கி, செசிலியாவின் மடியில் கொட்டினார். ஒளித்து எடுத்துவந்து உலுக்கச் சொன்ன அதே காசுதான், இந்தமுறை ஒளிக்கத் தேவையில்லை. அப்பா ஹங்கேரியை விட்டு வந்ததற்கு, ஒரு பிரபுவோடு வாள்சண்டை போட்டதுதான் காரணம் என்றும் சொல்லிக்கொண்டு திரிந்தார். வேலை தேடி வந்தார் என்று சொல்ல அவர் வாய் கூசியிருக்கவேண்டும். கவனிப்பாரற்றுக் கிடந்த பழைய வித்தைக்காரர்களின் கல்லறைகளைத் தேடிப்போய்ச் செப்பனிட்டார்.

1926 அக்டோபர் 31ஆம் தேதி டெட்ராய்ட்டில் ஹூடினி இறந்தார். நவம்பர் 4ஆம் தேதி நியூயார்க்கில் இறுதிச் சடங்கு. அம்மா எழுதிய கடிதங்களைக் கட்டாக அவர் தலைக்கடியில் வைத்தார்கள். குயின்ஸில் உள்ள மக்பேலா கல்லறையில், பெற்றோர் பக்கத்தில் அடக்கம். சடங்கை நடத்திய ரபிகளில் ஒருவர், அறுபத்தைந்து வயதான பெர்னார்ட் டிராக்மன்.